ஊறுகாய்ப் பஜ்ஜியும் உப்புக் கணக்கும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. உப்புக் கூடிய பண்டம் எங்கே போகும் என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. அது நேரே உடம்புக்குள் போகிறது என்பதை இந்த நோன்பு விடுமுறையில் ஒரு கோப்பை பஜ்ஜியின் மூலம் நான் தெரிந்துகொண்டேன். அந்தப் பஜ்ஜியைச் செய்யும் முறையையும் அதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தையும் எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் மாதத்தில் விடுமுறை. விடுதியிலிருந்து நான் மல்லாவியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு வெள்ளாங்குளம் போகும் வீதியில் மேற்கே திரும்பினால் மல்லாவி வரும். வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களும் மேட்டுநிலத் தோட்டங்களும் உள்ள ஊர். தோட்டக்காரர் ஒருவர் வாப்பாவின் கடையில் ஒரு பை பிஞ்சுக் கெக்கரிக்காய் வைத்துவிட்டுப் போனார். விற்றது போக மிஞ்சியதை உம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெயில் காலத்தில் கெக்கரிக்காய் இரண்டு நாளில் வாடிவிடும். "ஊறப் போடுவோம்" என்றேன். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஊறுகாயைப் பொரிப்பது புதிதா?

ஊறுகாயை மாவில் தோய்த்துப் பொரிப்பது வெளிநாட்டுப் பழக்கம் போலத் தோன்றலாம். அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் அட்கின்ஸ் என்ற சிற்றூரில் 1963ஆம் ஆண்டு பேர்னெல் ஒஸ்ரின் என்பவர் தமது உணவுக்கடையில் கெக்கரிக்காய் ஊறுகாயை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கத் தொடங்கினார். அவரது கடைக்கு எதிரே ஓர் ஊறுகாய்த் தொழிற்சாலை இருந்தது. கைக்கு எட்டியதைக் கொண்டு அவர் ஒரு புதுப் பண்டத்தை உண்டாக்கினார்.

ஆனால் ஊறவைத்ததைப் பொரித்துத் தின்பது எங்களுக்குப் பழகியதுதான். மோர்மிளகாய் என்பது என்ன? மிளகாயை உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரிப்பது. பாவற்காய் வற்றலும் அப்படியே. மறுபுறம், நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியோடு வைக்க வடை, பஜ்ஜி, கட்லட் என்று ஏதாவது பொரிக்காத முஸ்லிம் வீடு குறைவு. இந்த இரண்டு பழக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் ஊறுகாய்ப் பஜ்ஜி வந்துவிடுகிறது.

புளிப்பும் நமக்கு அந்நியமானதல்ல. நாம் சொல்லும் "அச்சாறு" பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. வினாகிரியை நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

உப்பு நீரில் நடப்பது என்ன?

நான் ஊறவைத்த அளவு இதுதான்: கெக்கரிக்காய் 500 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 500 மில்லிலீற்றர், உப்பு 50 கிராம். வாப்பாவின் கடைத் தராசில் நிறுத்தேன்.

முதலில் காய்களைக் கழுவி, பூ இருந்த முனையைச் சிறிது வெட்டி எறிய வேண்டும். காயை மெதுவாக்கும் நொதியங்கள் அந்த முனையில் கூடுதலாக உள்ளன. பிறகு அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, கண்ணாடிப் போத்தலில் இட்டு, உள்ளிப் பல் நான்கும் கொஞ்சம் மிளகும் போட்டு, உப்பு நீரை ஊற்றினேன். காய்கள் மேலே மிதக்காதபடி ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாரமாக வைத்தேன். மூடியை இறுக்கவில்லை. உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழி வேண்டும்.

முதலில் நடப்பது பிரசாரணம். வெளியே உப்புச் செறிவு கூட என்பதால் காயின் கலங்களிலிருந்து நீர் வெளியே வருகிறது. காய் சற்றுச் சுருங்கி, கடித்தால் நறுக்கென்று இருக்கும் தன்மையைப் பெறுகிறது. உப்பு மெல்ல உள்ளே பரவுகிறது.

அடுத்தது நொதித்தல். இந்த அளவு உப்பில் உணவைப் பழுதாக்கும் பற்றீரியாக்கள் பலவும் தளர்ந்துவிடும். இலத்திக்கமில பற்றீரியாக்கள் தாக்குப்பிடிக்கும். அவை காயிலுள்ள வெல்லத்தை இலத்திக்கமிலமாக மாற்றுகின்றன. காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் நுரை தெரியும். பீஎச் பெறுமானம் 4.6இலும் கீழே இறங்கினால், உயிராபத்து விளைவிக்கும் பொட்டுலினம் கிருமியால் வளர முடியாது. கள்ளில் நடக்கும் நொதித்தலில் மதுவம் வெல்லத்தை மதுசாரமாக்குகிறது. இங்கே முதன்மையாக உண்டாவது இலத்திக்கமிலம். இந்த வேறுபாட்டை நாம் தெரிந்திருப்பது நல்லது.

வன்னி வெயிலில் நான்காம் நாளே நல்ல புளிப்பு மணம் வந்துவிட்டது. மேலே மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தால் அதை அகற்றிவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறங்களில் பூஞ்சணம் பிடித்தாலோ, காய் வழுவழுத்தாலோ, அழுகல் மணம் வீசினாலோ போத்தலோடு எறிந்துவிட வேண்டும். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்பது கூடாது.

முதல் முயற்சியும் இரண்டு தவறுகளும்

அன்று அஸருக்குப் பிறகு ஊறுகாயை எடுத்து, வடித்து, கடலைமாவைக் கரைத்து, அதில் வழக்கம்போல ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டு, தோய்த்து எண்ணெயில் விட்டேன்.

முதல் தவறு உடனே தெரிந்தது. ஈரக் காயில் மா ஒட்டவில்லை. வட்டம் ஒரு பக்கமும் மாத்தோல் ஒரு பக்கமுமாகத் தாச்சியில் மிதந்தன. எண்ணெய் படபடவென்று தெறித்து என் மணிக்கட்டில் பட்டது. இதற்குக் காரணம் நீராவி. ஒரு துளி நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. காயின் மேற்பரப்பில் நின்ற தண்ணீர் மாவுக்கும் காய்க்கும் இடையே ஆவியாகி, மாவைத் தள்ளிவிட்டது. எண்ணெயையும் வெளியே வீசியது.

உம்மா என் கையைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிக்கச் செய்தார். எண்ணெய் சுட்டால் செய்ய வேண்டியது இதுதான். பற்பசையும் மஞ்சளும் பூசக்கூடாது.

இரண்டாவது தவறு இரவில்தான் தெரிந்தது. நோன்போடு சமைக்கும்போது உப்புப் பார்க்க முடியாது. தேவைக்காக நுனிநாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட அனுமதியுண்டு என்று மார்க்க அறிஞர்கள் கூறியிருந்தாலும், உம்மா பேணுதலாக அதைத் தவிர்ப்பார். நோன்பு பிடிக்காத ஆறு வயதுத் தம்பியிடம் கொடுத்தால் அவனுக்கு எல்லாமே "நல்லாருக்கு". ஆகவே பாங்கு சொன்ன பிறகுதான் எங்கள் நாக்குக்குத் தெரிந்தது, பஜ்ஜி கரிக்கிறது என்று. வாப்பா ஒன்றோடு நிறுத்திவிட்டார். உம்மம்மா மட்டும் விருப்பத்தோடு சாப்பிட்டார். "இப்பதான் வாய்க்கு ஒரு உறப்பு வந்திருக்கு" என்றார்.

உம்மம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர்களுக்குக் கீழே "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அதனால் வீட்டில் அவருக்கென்று கறியைப் பிறம்பாக எடுத்து வைப்போம். மாதக் கணக்காக உப்புக் குறைந்த சோறு தின்ற வாய்க்கு அன்று என் பஜ்ஜி விருந்தாகிவிட்டது. தராவீஹ் முடிந்த பின்பும் அவர் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கெக்கரிக்காயும் தண்ணீரும் உப்பும் சேர்ந்து 1,050 கிராம். அதில் உப்பு 50 கிராம். கெக்கரிக்காயில் பெரும்பகுதி நீர்தான் என்பதால், நான்கு நாளில் உப்பு எல்லா இடமும் ஒரேயளவாகப் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால், செறிவு ஏறத்தாழ 4.8 சதவீதம். நான் பொரித்தது 250 கிராம். அதில் 12 கிராம் உப்பு. உம்மம்மா காற்பங்கு சாப்பிட்டிருப்பார். அதாவது 3 கிராம். மாவில் போட்ட உப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு உட்கொள்ளும் உப்பு 5 கிராமிலும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரஷர் உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தும். பிரஷர் உள்ள என் உம்மம்மாவுக்கு அதில் பாதிக்கு மேற்பட்டதைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நான் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

"அப்ப ஏன் உப்பைப் போட்டாய்?"

மறுநாள், ஊறுகாயிலிருந்து உப்பை எடுத்துவிட்டுப் பொரிக்கப்போகிறேன் என்று சொன்னேன். உம்மம்மா சிரித்தார்.

"உப்புப் போட்டு ஊற வெச்சிட்டுப் புறகு உப்பை எடுக்கிறியா? அப்ப ஏன் புள்ள போட்டாய்?"

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. ஊறுகாயில் உப்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காய் பழுதாகாமல் காத்து, நல்ல பற்றீரியாக்களுக்கு இடம் கொடுப்பது. மற்றது, நாக்குக்குச் சுவை தருவது. முதல் வேலைக்கு நிறைய உப்பு வேண்டும். இரண்டாவது வேலைக்குக் கொஞ்சம் போதும். போத்தலுக்குள் இருக்கும்வரை உப்பு காவல்காரன். காயை வெளியே எடுத்து, உடனே பொரித்து, அன்றே தின்னப்போகிறோம் என்றால் காவலுக்கு இனி வேலையில்லை. அந்த உப்பை அனுப்பிவிடலாம்.

இதை உம்மம்மாவிடம் சொன்னேன். "அப்ப அனுப்பு பார்ப்போம்" என்றார்.

ஒரே தண்ணீர், மூன்று விடைகள்

உப்பை எப்படி அனுப்புவது? நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு காயிலிருந்து நீருக்குள் பரவும். உள்ளும் வெளியும் செறிவு சமமாகும்வரை இது நடக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கேள்வி. நான் 750 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டேன். கோடையில் கிணறு இறங்கும் ஊரில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது.

உயர்தர இரசாயனவியலில் பங்கீட்டுக் குணகம் என்ற பாடம் உண்டு. ஒரு கரைப்பானை மொத்தமாக ஒரே தடவையில் பயன்படுத்துவதைவிட, சிறு பங்குகளாகப் பிரித்துப் பல தடவை பயன்படுத்தினால் கூடுதலான பொருளைப் பிரித்தெடுக்கலாம் என்று அதில் நிறுவுவோம். பரீட்சைக்காக மட்டும் நான் பாடமாக்கிய கணக்கு அது. அதே கணக்கை ஊறுகாய்க்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் 250 கிராம் ஊறுகாயில் 12 கிராம் உப்பு.

முதலாவது முறை: 750 மில்லிலீற்றரையும் ஒரே தடவையில் ஊற்றுதல். மொத்தம் 1,000 பங்கில் ஊறுகாய் 250 பங்கு. நான்கில் ஒன்று. ஆகவே ஊறுகாயில் எஞ்சும் உப்பு 3 கிராம்.

இரண்டாவது முறை: 375 மில்லிலீற்றர் வீதம் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஊறுகாயில் எஞ்சுவது 625இல் 250 பங்கு, அதாவது ஐந்தில் இரண்டு. 12 கிராம் 4.8 ஆகும். பிறகு 4.8 கிராம் 1.92 ஆகும்.

மூன்றாவது முறை: 250 மில்லிலீற்றர் வீதம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பாதி எஞ்சும். 12, பிறகு 6, பிறகு 3, கடைசியில் 1.5 கிராம்.

தண்ணீர் ஒன்றுதான். எஞ்சும் உப்போ முதல் முறையில் இருப்பதில் பாதி. நான்கு தடவையாகப் பிரித்தால் 1.28 கிராம்தான் வரும். அந்தச் சிறு வித்தியாசத்துக்காக இன்னொரு தடவை காத்திருப்பது வீண். இணைந்த கணிதம் படிக்கும் தோழிகள் விரும்பினால் போட்டுப் பாருங்கள்: இந்தத் தண்ணீரை எத்தனை பங்காகப் பிரித்தாலும் எஞ்சும் உப்பு ஏறத்தாழ 0.6 கிராமுக்குக் கீழே இறங்காது.

ஆறு பேருக்கு 1.5 கிராம் என்றால் ஆளுக்குக் கால் கிராம். முன்பு ஆளுக்கு 2 கிராம்.

கணக்கு சரியா என்று எப்படி அறிவது?

தாளில் வருவது எல்லாம் தாச்சியில் வருவதில்லை. ஆகவே ஒரு சிறு பரிசோதனை செய்தேன். முதல் தண்ணீரை வடித்தெடுத்து, பழைய சட்டியொன்றில் மெல்லிய நெருப்பில் வற்றவைத்து, எஞ்சியதைத் தராசில் வைத்தேன். 6 கிராம் வர வேண்டும். வந்தது 5 கிராம்.

எங்கள் கிணற்று நீர் வன்மையானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவும் தராசில் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அதனால் வெறும் கிணற்று நீர் 250 மில்லிலீற்றரையும் அதேபோல வற்றவைத்தேன். சட்டியில் வெண்மையாக ஏதோ படிந்ததே தவிர, தராசு பூச்சியத்தையே காட்டியது. ஆகவே குறை வேறெங்கோ இருக்கிறது.

நான் ஊறவைத்தது அரை மணி நேரம். சமநிலை வர அது போதவில்லை. ஒவ்வொரு தடவையும் 5 கிராம் விகிதத்தில்தான் உப்பு வெளியேறுகிறது என்றால், மூன்று தடவைக்குப் பின் எஞ்சுவது 1.5 கிராம் அல்ல, ஏறத்தாழ 2.4 கிராம். என் கணக்கில் பிழையில்லை; உப்புக்கு நான் கொடுத்த நேரம்தான் குறைவு. அடுத்த நாள் ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு மணி நேரம் வைத்து, இடையிடையே கிளறிவிட்டேன். முதல் தண்ணீர் வற்றியபோது தராசு 6 கிராம் காட்டியது. அதில் சிறிதளவு அமிலமும் காயிலிருந்து கரைந்த பிற பொருள்களும் இருக்கும் என்பதால் இது அண்ணளவுதான். கடைத் தராசும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஆனாலும் சுவைத்துப் பார்க்க முடியாத ஒரு சமையலுக்கு அது எனக்கு நாக்காக உதவியது.

உப்போடு போன புளிப்பு

மூன்று தண்ணீரிலும் ஊறிய காயைப் பொரித்து அன்று நோன்பு திறந்தோம். கரிப்பு இல்லை. சுவையும் இல்லை! உம்மம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "இது ஊறுகாயில்லை, அவிச்ச கெக்கரிக்காய்" என்றார்.

உப்பை மட்டும் எடுத்து வா என்று தண்ணீருக்குக் கட்டளையிட முடியாது. இலத்திக்கமிலமும் நீரில் கரைவதே. உப்பு போன வழியே புளிப்பும் போய்விட்டது.

இதற்கு விடை உம்மாவிடமிருந்து வந்தது. "கடைசித் தண்ணியில தேசிப்புளியை விடு" என்றார். உள்ளே உப்புக் கூட, வெளியே புளிப்புக் கூட. ஆகவே அதே ஒரு மணி நேரத்தில் உப்பு வெளியே வரும், புளிப்பு உள்ளே போகும். மூன்றாம் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி சேர்த்தோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உப்புக் குறைந்த உணவில் புளிப்பு இருந்தால் அந்தச் சிறிதளவு உப்பும் நாக்குக்கு எடுப்பாகத் தெரியும்.

பொரிக்கும் முறை

இனி, 250 கிராம் ஊறுகாய்க்கு நாங்கள் கண்டடைந்த முறையைத் தருகிறேன்.

தேவையானவை: கடலைமா 100 கிராம், அரிசிமா 50 கிராம், மேலே தூவ அரிசிமா இரண்டு மேசைக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, குளிர்ந்த நீர் ஏறத்தாழ 170 மில்லிலீற்றர், பொரிக்கத் தேங்காய் எண்ணெய். மாவில் உப்பு வேண்டாம். அப்பச்சோடாவும் வேண்டாம். அதுவும் ஒரு சோடியச் சேர்வைதான். உப்பாகக் கரிக்காது என்பதால் அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

1. மூன்றாம் தண்ணீரை வடித்து, வட்டங்களைச் சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

2. அரிசிமாவை இருபுறமும் மெல்லியதாகப் பிரட்டுங்கள். எஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சும். கரைத்த மா பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பும் கிடைக்கும்.

3. மாவைக் கடைசி நேரத்தில் கரையுங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாப் போல வழிய வேண்டும். கடலைமா காயைப் பிடித்துக்கொள்ளும். அரிசிமா மொறுமொறுப்பைத் தரும்.

4. எண்ணெய் 175 முதல் 180 பாகை செல்சியஸ்வரை சூடாக இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளி மாவை விடுங்கள். அது அடிக்குப் போய் உடனே நுரைத்து மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. கணத்தில் கறுத்தால் சூடு அதிகம். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையளவிலேயே புகையத் தொடங்கும். புகை தெரிந்தால் நெருப்பைக் குறைத்துவிடுங்கள்.

5. ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுகள் மட்டும் போடுங்கள். கூடப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும். மா இறுகுவதற்கு முன்பே எண்ணெயைக் குடித்துவிடும்.

6. துண்டைச் சுற்றி எழும் குமிழ்கள் வெளியேறும் நீராவி. காய்க்குள் நீர் இருக்கும்வரை அதன் உள்வெப்பம் 100 பாகையை அதிகம் தாண்டாது. வெளித்தோல் காய்ந்த பின்னரே சூடு ஏறிப் பொன்னிறம் வரும். குமிழ்கள் அடங்கத் தொடங்கும்போது, ஏறத்தாழ மூன்று நிமிடத்தில், எடுத்துவிடுங்கள்.

7. கம்பித் தட்டில் தனித்தனியாக வடியவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் சொந்த நீராவியிலேயே மெதுவாகிவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தாச்சியை மூடியால் மூடுங்கள். மணிக்கட்டில் துளி தெறித்ததற்குக் காரணமான அதே நீராவி, ஒரு செம்பு நீரில் வீட்டையே எரிக்கும்.

உம்மம்மாவின் தீர்ப்பு

ஐந்தாம் நாள் மாலை. கஞ்சிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் பஜ்ஜியை வைத்தேன். நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்த பின், உம்மம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது. இரண்டாவதையும் எடுத்தார்.

"தேசிப்புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். உப்பைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அந்த மௌனம்தான்.

அதனால் ஊறுகாய்ப் பஜ்ஜி மருந்தாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எண்ணெயில் பொரித்த பண்டம். வாரத்தில் ஒரு நாள் போதும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் நல்லதல்ல. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே ஊறுகாயைத் தொட வேண்டும். நமது வன்னியிலும் அதை அண்டிய வட மத்திய மாகாணத்திலும் அந்நோயால் வருந்தும் குடும்பங்கள் உள்ளன என்பதை நாம் மறக்கக்கூடாது.

மேலும், கழுவினால் எல்லாவற்றிலிருந்தும் உப்புப் போய்விடும் என்பதும் இல்லை. மோர்மிளகாயைப் பொரித்த பின் யாரும் ஊறவைப்பதில்லை. வெயில் அதிலுள்ள நீரை எடுத்து, உப்பை உள்ளேயே செறிவாக்கி வைத்துவிடுகிறது. ஆகவே அதன் உப்பைக் குறைக்க விரும்பினால் மோரில் போடும்போதே குறைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிரஷர் உள்ளவரின் கறியைப் பிறம்பாக வைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஊறுகாய், கருவாடு, பப்படம், அப்பச்சோடா போட்ட வடை என்று பக்கத்தில் வைப்பவற்றை நாம் எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை. அன்புடன் கொடுத்ததால் அந்த 3 கிராம் குறைந்துவிடவில்லை.

தோழிகளே, பங்கீட்டுக் குணகக் கணக்கை நான் இரண்டு வருடமாகச் செய்கிறேன். அதில் எப்போதும் ஈதரும் நீரும்தான் வரும். அடுத்த தடவை அந்தக் கணக்கு வினாத்தாளில் வந்தால் எனக்கு உம்மம்மாவின் கஞ்சிக் கோப்பைதான் ஞாபகம் வரும். உங்கள் வீட்டிலும் ஒரு தராசும் ஒரு கிளினிக் கொப்பியும் இருந்தால், இந்த விடுமுறையில் அவை இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை குசினிக்குள் போய்ப் பாருங்கள்.